பேசாத பிரதிநிதி

வருடத்தில் ஒரு மாதம் எங்கள் வீட்டு முன்னறை எங்களுக்குச் சொந்தமில்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து, டிவியைப் பழைய போர்வையால் மூடிவிடுவாள் என் மனைவி. தரையில் நான்கு மெத்தை, நான்கு தலையணை, நான்கு பை. டிவி பார்க்க ஆசைப்பட்டால் நான் பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் போய் உட்கார முடியாதபடி எனக்கு வீட்டில் வேலை வைத்திருப்பாள்.

கோடை விடுமுறையில் இளைஞர்களுக்கான தலைமைப் பயிற்சி மாநாடு ஒன்று நடக்கும். மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி விடுதி, ஐந்து நாள் அங்கேயே தங்கல், பல ஊர்களிலிருந்து பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். எங்கள் பகுதிப் படிப்பகத்துக்கு அதில் நான்கு இடம். அந்த நால்வரையும் தயார்செய்து அனுப்புவது பன்னிரண்டு வருடங்களாக என் மனைவியின் பொறுப்பு. யாரும் கொடுத்ததல்ல, இவளே இழுத்துப் போட்டுக்கொண்டது. பகலில் குடிநீர் அலுவலகத்தில் புகார் மேஜையில் உட்கார்ந்து, குழாயில் காற்று வருகிறது, புழு வருகிறது, ஒன்றுமே வரவில்லை என்று ஊரே கத்துவதைக் கேட்டுவிட்டு வருவாள். ஆறு மணிக்குக் கைப்பையை ஆணியில் மாட்டிய கையோடு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிடுவாள். எங்களுக்குக் குழந்தையில்லை. அதனால்தான் இப்படி என்று உறவில் சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களின் பிள்ளைகளும் இவளிடம் பயிற்சிக்கு வந்து போனவர்கள்தான்.

எதையும் ஒத்திகை பார்க்காமல் அனுப்ப மாட்டாள். முன்னறைதான் விடுதி அறை. பையை அடுக்கு, பிரி, மறுபடி அடுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கு. தெரியாத ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. அந்தத் தெரியாத ஆள் நான்தான். விடுதிக் காப்பாளரும் நான், நடுவில் குறுக்கிட்டுப் பேசும் வெளியூர்ப் பையனும் நான், சோப்பைக் கடன் கேட்டுத் திருப்பித் தராதவனும் நானே. மற்ற நேரத்தில் நான் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அவளை அக்கா என்பார்கள், என்னை அங்கிள் என்பார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. கேட்டால், "உங்க மூஞ்சி அப்படி, நான் என்ன பண்றது?" என்பாள்.

அவளுடைய சட்டங்களில் தலையாயது, மூன்று விநாடிக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது என்பது. கேள்வி வந்தால் பதில் வர வேண்டும். பதில் தெரியாவிட்டாலும் வாய் திறந்திருக்க வேண்டும். தன்னைப் போல மூக்குக்கண்ணாடியைச் சற்று மேலே தள்ளிவிட்டு, "இதை நாம இப்படிப் பாக்கலாம்" என்று ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாமாம். மாநாட்டின் கடைசி நாள் ஒவ்வொரு பிரதிநிதியும் மேடையேறி மைக்கில் இரண்டு நிமிடம் பேச வேண்டும். இவள் அனுப்பிய பிள்ளைகளில் ஒன்றுகூட அங்கே திக்கி நின்றதில்லை. எல்லோரும், "இதை நாம இப்படிப் பாக்கலாம்" என்றுதான் தொடங்குவார்கள். கண்ணாடியே போடாத பிள்ளைகள்கூட மூக்கைத் தொட்டுக்கொள்வார்கள். நான் கடையில் செய்வதைத்தான் நீ வீட்டில் செய்கிறாய், என் மெஷினுக்காவது மை வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, இரண்டு நாள் நானே சமைத்துச் சாப்பிட்டேன்.

போன வருடம் இவள் தேர்ந்தெடுத்த நால்வரில் ஒருத்தி தையல்காரம்மாவின் மகள். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் தலையாட்டி. யார் எது சொன்னாலும் கண்ணை அகல விரித்துத் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பாள். பதிலுக்கு "ம்" வந்தால் அன்றைக்கு அவள் நிறையப் பேசிவிட்டாள் என்று அர்த்தம்.

இவளை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். படிப்பகத்து மைதானத்தில் பூப்பந்து ஆடுகிறவர்களுக்கும் கால்பந்துக் கூட்டத்துக்கும் ஒருநாள் மாலை கைகலப்பு ஆகும் அளவுக்குப் போய்விட்டதாம். பெரியவர்கள் ஆளாளுக்குக் கத்தினார்களாம். தலையாட்டி முதலில் இந்தப் பக்கம் உட்கார்ந்து அரைமணி நேரம் கேட்டாள், பிறகு அந்தப் பக்கம் அரைமணி நேரம் கேட்டாள். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னாளாம். சண்டை முடிந்துவிட்டது.

"வாயைத் திறக்காமலே இவ்வளவு பண்றா. வாயையும் திறந்துவிட்டா எங்கேயோ போயிடுவா, பாருங்க" என்றாள் என் மனைவி.

வாயைத் திறக்கும் வேலை அன்றே தொடங்கியது. தலையாட்டி ஒரு குறையும் வைக்கவில்லை. சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு போய் மறுநாள் நெட்டுருப் போட்டுவிட்டு வருவாள். நான் வழக்கமான கேள்விகளை வழக்கமான வரிசையில் கேட்பேன். உன்னைப் பற்றிச் சொல், உனக்கு முன்மாதிரி யார், உன் பகுதியில் முதலில் எதை மாற்ற வேண்டும், இப்படி. கேள்வியை நான் முடிப்பதற்குள் பதில் தயாராக நிற்கும். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பு, அதை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் அம்மா போனில் ஒவ்வொரு பிரதிநிதியிடமும் பேசுவார். எங்கள் முன்னறையில்தான் அது நடக்கும், போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்காருவோம். தையல்காரம்மாவும் கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார். தலையாட்டி தன்னைப் பற்றி அழகாகச் சொல்லி முடித்தாள். அடுத்துதான் வந்தது வினை. அந்த அம்மா வரிசையை மாற்றிவிட்டார்.

"உங்க ஏரியாவுல முதல்ல எதை மாத்தணும்னு நினைக்கிறேம்மா?"

"எங்க அம்மா" என்றாள் தலையாட்டி, கண்ணாடி இல்லாத மூக்கைத் தொட்டுக்கொண்டு. "காலையில எழுந்தா ஓயவே மாட்டாங்க. நான் தினமும் அவங்களைத்தான் பாக்கறேன்."

போனில் ஒரு இருமல் கேட்டது. "சரிம்மா. உனக்கு முன்மாதிரி யாரு?"

"தெருவிளக்கு. பாதி நாள் எரியறதே இல்ல. யாரைக் கேட்டாலும் பதில் கிடையாது."

மற்ற மூன்று பிள்ளைகளும் தலையணையைக் கடித்துக்கொண்டு உருண்டன. என் மனைவி கையால் ஏதேதோ ஜாடை காட்டினாள். தலையாட்டி அதைச் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று புரிந்துகொண்டு இன்னும் வேகமாகப் போனாள். ஐந்து நாள் வீட்டை விட்டு இருப்பாயா என்று கேட்டதற்கு, அதை ஒழிக்கத் தினமும் முயற்சி செய்து வருவதாகச் சொன்னாள். அது உன்னுடைய குறை என்ன என்ற கேள்விக்கான பதில். தையல்காரம்மா மகளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டாளே என்ற வருத்தம் அவருக்கு வீட்டுக்குப் போகும்வரை தீரவில்லை.

ஒருங்கிணைப்பாளர் அம்மா நல்ல மனுஷி. சிரித்து முடித்த பிறகு என் மனைவியை மட்டும் அழைத்துப் பேசினார்.

"பொண்ணு பதறிட்டா, பரவாயில்ல. இடம் உண்டு. ஆனா மேடையில இப்படி ஆயிடக் கூடாது, அவளுக்கே மனசு விட்டுப்போயிடும். நல்லாப் பழக்குங்க. நாலு பேர் யாருன்னு சனிக்கிழமை மதியத்துக்குள்ள உறுதி சொல்லிடுங்க, சரியா?"

நல்லாப் பழக்குங்க என்று இவளிடம் சொல்லலாமா? மறுநாளிலிருந்து கேள்விகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்தன. சமையலறையிலிருந்து ஒன்று வரும், துணி காயப்போடும்போது மாடியிலிருந்து ஒன்று விழும். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, "தலைமைன்னா என்ன?" என்று குரல் வந்தபோது நான் பயந்து டம்ளரைக் கீழே போட்டேன். நாள் போகப் போகத் தலையாட்டியின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "ம்" கூட நின்றுவிட்டது. தலையை ஆட்டுவதும் குறைந்துவிட்டது. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அடையாள அட்டையை நகலெடுக்க என் கடைக்கு வந்தாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அங்கிள், நான் வரலேன்னு அக்காகிட்ட சொல்லிடறீங்களா?"

"நானா? ஏம்மா, நான் நிம்மதியா இருக்கறது உனக்குப் பிடிக்கலையா?"

சிரிக்கவில்லை.

"போகணும்னு ஆசை இல்லையா?" என்றேன்.

"இருக்கு" என்றாள் உடனே. ஒத்திகை பார்க்காத பதில் என்பதால் குரல் தெளிவாக வந்தது. "எட்டுப் பேரு ஒரே ரூம்ல தங்குவாங்களாமே. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஊரு. அவங்க வீடெல்லாம் எப்படி இருக்கும், என்ன பேசுவாங்க, அதையெல்லாம் கேக்கணும். ஆனா மைக்ல பேசணும்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது, அங்கிள்."

அதைக் கேட்டு எனக்கு மனசு சங்கடப்பட்டது. கடையை அரைக்கதவு சாத்திவிட்டு அவளோடு நானும் வீட்டுக்கு நடந்தேன். வழியில் மருந்துக்கடைக்காரர் மகன் எதிர்ப்பட்டான். ஒலிபெருக்கி என்று அவனுக்குப் பெயர். யாராவது வராவிட்டால் அந்த இடம் அவனுக்குத்தான். பையை அடுக்கியே வைத்திருப்பதாகச் சொன்னான். அவனுக்கு ஒத்திகை தேவையே இல்லை, நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும்.

வீட்டில் என் மனைவி மெத்தை, தலையணை உறைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் இன்னும் வரவில்லை. தலையாட்டி நேராகப் போய் நின்று சொல்லிவிட்டாள். வரவில்லை என்பதை மட்டும்.

"பயம் எல்லாருக்கும்தான் வரும்" என்றாள் என் மனைவி, உறையை உதறியபடி. "நூறு தடவை சொன்னா தன்னால போயிடும். வா, உக்காரு, இப்பவே ஒரு தடவை பாத்துடலாம்."

"பயம் மட்டும் இல்ல அக்கா. எனக்குச் சொல்றதுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்றேன்."

என் மனைவியின் கை நின்றது. இப்படி ஒரு பதில் எந்த ஒத்திகையிலும் வந்ததில்லை. நான் கதவோரமே நின்றுகொண்டேன். புயலில் மாட்டுவதென்றாலும் வாசல் பக்கத்தில் மாட்டுவது நல்லது.

"நீங்க போயிருக்கீங்களா அக்கா, இந்த மாதிரி?" என்றாள் தலையாட்டி.

இல்லை என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்துகிறோம், எனக்குத் தெரியாமல் என்ன?

"போயிருக்கேன்" என்றாள்.

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல." மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உன் வயசுதான். அஞ்சு நாளும் வாயையே திறக்கல. கடைசி நாள் மேடையில என் பேரைக் கூப்பிட்டாங்க. நான் பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். மூணு தடவை கூப்பிட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்பா கூட்டிட்டுப் போக வந்திருந்தாரு. பஸ்ல ஏறி உக்காந்ததும், என்னம்மா பேசினேன்னு கேட்டாரு. பேசலைன்னு சொன்னேன். வாயைத் திறக்காம இருக்கறதுக்கா இவ்வளவு தூரம் போனே, வீட்டுலயே இருந்திருக்கலாமேன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல."

என் மாமனாரை எனக்கு நன்றாகத் தெரியும். எறும்பை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிற மனிதர். இதைச் சொன்ன நினைவுகூட அவருக்கு இருந்திருக்காது. இவள் அதைச் சுமந்துகொண்டு பன்னிரண்டு வருடமாக ஊர்ப் பிள்ளைகளின் வாயைத் திறந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் ஜெராக்ஸ் என்று கிண்டல் செய்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து தொலைத்தது.

தலையாட்டி எதிர் மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அந்தப் பழைய கவனம் திரும்பியிருந்தது.

"அது சரி அக்கா. அந்த அஞ்சு நாளும் உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

என் மனைவி கையிலிருந்த உறையை மடியில் விரித்து நீவினாள். தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டு, திரும்பிப் போயிற்று.

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். சத்தமில்லாமல், தலையணை உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாததால் இன்னொரு உறையை எடுத்துக் கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்குப் போன் போட்டாள். நால்வரின் பெயரையும் சொன்னாள். தலையாட்டியின் பெயர் அதில் இருந்தது.

"இந்தப் பொண்ணு மேடையில பேச மாட்டா. மத்த எல்லாத்துலயும் இருப்பா" என்றாள்.

அந்தப் பக்கம் இருந்தவருக்கு விளங்கவில்லை. "இது தலைமைப் பயிற்சி மாநாடு, தெரியும்ல? பேசவே மாட்டேன்னா எப்படி? மத்தப் பிள்ளைங்க கேக்காதா, எனக்கு மட்டும் ஏன்னு?"

என் மனைவி கண்ணாடியைத் தொடவில்லை, எதையும் இப்படியோ அப்படியோ பார்க்கலாம் என்று தொடங்கவுமில்லை.

"அம்மா, நான் இருபது வருஷமா புகார் மேஜையில உக்காந்திருக்கேன். பேசறதுக்கு ஆளுங்க தெருவரைக்கும் வரிசையில நிக்கறாங்க. கேக்கறதுக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்திதான். இங்க இன்னொரு ஆள் போட மாட்டாங்களான்னு தினமும் நினைக்கிறேன். கேக்கத் தெரிஞ்ச பொண்ணு இவ. நான்தான் கெடுக்கப் பாத்தேன். இவளை எடுத்துக்குங்க. முடியாதுன்னா மூணு பேரை அனுப்பறேன், அந்த இடம் காலியா இருக்கட்டும்."

ஒலிபெருக்கியை அவள் மறந்தே போய்விட்டாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மா, "அனுப்புங்க, பாக்கலாம்" என்றார். சம்மதமா சலிப்பா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எதுவாயிருந்தாலும் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

நிறைவு விழாவுக்கு ஒரு வேன் பேசிக்கொண்டு நானும் அவளும் போனோம், பிள்ளைகளைக் கூட்டி வருவதற்கும் சேர்த்து. மண்டபம் நிறையப் பெற்றோர். எங்கள் பிள்ளைகள் மூவரும் மைக்கைப் பிடித்துப் பிய்த்து உதறினார்கள், மூக்கைத் தொட்டுக்கொண்டுதான். தலையாட்டி ஏழாவது வரிசையில் உட்கார்ந்து பேசிய ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் நடுங்கிய ஒன்றிரண்டு பிள்ளைகள் அவள் பக்கமே பார்த்துப் பேசியதை நான் கவனித்தேன். யாரும் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. கைதட்டலும் இல்லை, சான்றிதழ் மட்டும் எல்லோரையும் போல அவளுக்கும் கொடுத்தார்கள்.

புறப்படும்போதுதான் தாமதமாயிற்று. வேனின் பின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வெளியூர்ப் பிள்ளைகள் நகர மாட்டேன் என்றன. ஒரு உயரமான பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதை எங்க வீட்டுல சொல்லிடப் போறேன், நீ பாரு" என்றான். அவள் "ம்" என்றாள். இன்னொருத்தி அவள் கையை விடவே இல்லை. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே வண்டியை நகர்த்தினார்.

மலை இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் மற்ற மூவரும் வாயில் ஈ போவது தெரியாமல் தூங்கிவிட்டார்கள். என் மனைவி பின்னால் திரும்பினாள். கேட்கக் கூடாது என்று அவளும் எவ்வளவு தூரம்தான் பொறுப்பாள்?

"அந்தப் பையன் என்னத்தைச் சொல்லிட்டு அழுதான்?"

தலையாட்டி யோசித்தாள். "அது அவன் என்கிட்ட சொன்னது அக்கா."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அவனும் யார்கிட்டயும் சொல்லாமத்தான் இருந்தான்" என்றாள் தலையாட்டி, மரியாதையாக.

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முன்னால் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே வயல்களைப் பார்த்தபடி வந்தாள். முகம் அமைதியாக இருந்தது. எனக்கு ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் அழுவாளோ என்று தயங்கினேன். சரி, அழுதால் அழட்டும் என்று கேட்டேவிட்டேன்.

"உன்னோட அந்த அஞ்சு நாள்ல நீ என்ன கேட்டே?"

"என்னது?"

"பேசலை, சரி. கேட்டிருப்பல்ல? யார் யார் இருந்தாங்க, என்ன சொன்னாங்க?"

என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். கிண்டல் செய்கிறேனோ என்று முகத்தைத் தேடினாள். அப்படி எதுவும் அங்கே இல்லை.

"என் பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்தா" என்றாள் மெதுவாக. "கடலோரத்துப் பொண்ணு. தூக்கத்துல கணக்குப் பாடம் சொல்லுவா. தப்புத் தப்பா சொல்லுவா. அடுத்த கட்டில்ல இருந்தவ தூக்கத்துலயே அதைத் திருத்துவா..."

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. ஒரே ஒரு ஜோடிச் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட அக்கா தங்கை வந்தார்கள். பொட்டலம் பொட்டலமாகத் தின்பண்டம் கொண்டுவந்து யாருக்கும் தராமல், இரண்டாம் நாள் காலையில் அத்தனையையும் எறும்புக்குக் கொடுத்துவிட்டு அழுதவள் வந்தாள். எல்லோருடைய ஊரும், எல்லோருடைய வீட்டுச் சண்டையும், எந்த அப்பா பாடுவார், எந்த அம்மா கோபத்தில் பேசாமல் இருப்பார் என்பதும் இவளுக்கு நினைவிருந்தது. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே அது ஆச்சரியம். தலையாட்டி பின் சீட்டிலிருந்து நகர்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவே முகத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வண்டி எங்கள் தெருமுனையில் நின்றபோது என் மனைவி இரண்டாம் நாளையே இன்னும் தாண்டியிருக்கவில்லை.